கோகிலாவின் குக்கரும் பென்னி லாவாவும்

நாலு பெரியவர்கள் கூடும் இடத்தில் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், "எல்லாம் கெட்டுப் போச்சு" என்பதில்தான் வந்து முடியும். நம் சங்கக் கூட்டங்களும் இதற்கு விலக்கல்ல. ஒரு சினிமாப் பாட்டையோ சீரியல் வசனத்தையோ வெட்டி ஒட்டி, வேறு தாளம் சேர்த்துப் பரிகாசமாக்கி இணையத்தில் விடுகிறார்களே, அந்தக் கேலி வீடியோக்கள்தான் கலாசாரச் சீரழிவின் கடைசிப் படி என்று அபிப்பிராயப்படுபவர்கள் நம்மில் பலர். அவற்றின் பூர்வ கதையைக் கொஞ்சம் தேடிப் பார்த்ததில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீரழிவைச் சுட்டிக்காட்டும் வேலையைச் செய்தவையும் அவற்றில் இருக்கின்றன. எல்லாமும் அப்படி அல்ல. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் ரீமிக்ஸ் என்ற சமாசாரம். 1972-ல் வந்த 'சமாதி' என்ற ஹிந்திப் படத்தில், ஆர்.டி. பர்மன் இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய 'காண்ட்டா லகா'வை 2002-ல் புதுத் தாளத்தோடும் கவர்ச்சி வீடியோவோடும் வெளியிட்டார்கள். டெல்லி, மும்பை அங்கத்தினர்களுக்கு அப்போது எழுந்த அமளி நினைவிருக்கும். பழி முழுவதும் ஆடிய பெண்ணின் உடை மேல் விழுந்தது. சட்டத்தை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. ஒரு பாட்டு வெளிவந்து இரண்டு வருடம் ஆகிவிட்டால், நோட்டீஸ் கொடுத்து, ராயல்டி கட்டி, வேறு குரலில் மறுபதிவு செய்யப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அப்போது இடம் கொடுத்திருந்தது. 1980-களில் டி-சீரீஸ் கம்பெனி பழைய பாட்டுகளைப் புதுக் குரல்களில் மலிவு கேசட்டுகளாக்கி வளர்ந்ததும் இந்த வாசல் வழியாகத்தான். 2012-ல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் இரண்டு வருடம் ஐந்தாயிற்று. ஆனால் பகடி என்ற சொல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் இன்றுவரை கிடையாது. விமர்சனத்துக்கு உள்ள சலுகையின் நிழலில்தான் கேலிக்காரன் ஒதுங்கி நிற்க வேண்டும்.

வெட்டி ஒட்டிக் கேலி செய்யும் வித்தை இணையத்தோடு பிறந்ததா என்றால், இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே அது வந்துவிட்டது. ஜெர்மனியில் நாஜிக் கட்சி 1934-ல் நூரெம்பர்க் நகரில் நடத்திய மாநாட்டை லேனி ரீஃபென்ஷ்டால் என்ற அம்மையார் பிரமாண்டமான பிரசாரப் படமாக எடுத்திருந்தார். சார்லஸ் ரிட்லி என்ற ஆங்கிலேயர் அந்தப் படத்திலிருந்தே துண்டுகளை எடுத்தார். காலை விறைப்பாகத் தூக்கி அணிவகுக்கும் சிப்பாய்களை இரண்டடி முன்னே, இரண்டடி பின்னே என்று திரும்பத் திரும்ப ஓட்டி, 'லாம்பெத் வாக்' என்ற லண்டன் நாட்டியப் பாட்டின் தாளத்தில் பொருத்திவிட்டார். ஹிட்லரும் கூடவே ஆடுகிறார். இரண்டே நிமிடப் படம். இதில் ஒரு விசேஷம் உண்டு. 1937-ல் லண்டனில் மேடையேறிய ஓர் இசை நாடகத்தில் வந்த அந்த நடனத்தை, கலாசாரத்தைக் கெடுக்கும் இழிந்த கூத்து என்று நாஜிகள் ஏற்கெனவே பழித்திருந்தார்கள். யாரைப் பார்த்தாலும் 'சீரழிவு, சீரழிவு' என்று கூவியவர்களை அதே கூத்தை ஆட வைத்தார் ரிட்லி. அந்த அணிவகுப்பின் அர்த்தம் என்ன, அந்த நடனத்தின் மேல் அவர்களுக்கு என்ன கோபம் என்பதெல்லாம் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

நம் பக்கத்திலும் இந்த ஞானம் இருந்திருக்கிறது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 'நல்லதம்பி' (1949) படத்தில் செய்த 'கிந்தனார்' காலட்சேபத்தைப் பார்த்திருப்பீர்கள். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சிதம்பரம் போகத் துடித்தார். கிந்தனோ படிப்பதற்காகப் பட்டணம் போகத் துடிக்கிறான். நந்தனார் சரித்திரத்தை மனப்பாடமாக அறிந்த ஜனங்கள் இருந்ததால்தான் அந்தக் கேலி எடுபட்டது. அதில் குத்து நம்மவர்களுக்கும் சேர்த்துத்தான். குத்து வாங்கியவர்களும் சிரித்தார்கள் என்பதை என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இந்த வரிசையில் நான் வைக்கும் அண்மைக் கால உதாரணம் கோகிலாவின் குக்கர். 'சாத் நிபானா சாத்தியா' என்ற ஹிந்தி சீரியல் 2010 முதல் 2017 வரை ஸ்டார் பிளஸில் ஓடியது. எங்கள் வீட்டிலும்தான் ஓடியது, மறைப்பானேன்? அதில் ஒரு காட்சி. குக்கரிலிருந்த கடலையை எடுத்துவிட்டு, வெறும் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டாள் ராசி என்ற மருமகள். அடுக்களையில் யார் இருந்தது என்று மாமியார் கோகிலா, கொலைக் குற்ற விசாரணை போல் கேட்கிறாள். 2020 ஆகஸ்டில், கொரோனாவால் ஊரே அடங்கிக் கிடந்த சமயம், மகாராஷ்டிரத்து அவுரங்காபாத்தைச் சேர்ந்த யஷ்ராஜ் முகாட்டே என்ற இளைஞர் அந்த வசனத்துக்கு அப்படியே மெட்டும் தாளமும் போட்டுப் பாட்டாக்கினார். தேசமே பாடிற்று. அவர் ஒரு வார்த்தை கூடத் தன் சொந்தமாகச் சேர்க்கவில்லை. சீரியலின் இடி முழக்கத்தையும், முகத்தை மூன்று தரம் காட்டும் அசட்டு வேலையையும் கழித்துவிட்டு, மிச்சம் என்ன என்று காட்டினார். மிச்சம் ஒரு காலிக் குக்கர். எத்தனை கோடிக் குடும்பங்கள் இதை ராத்திரி தோறும் கண் கொட்டாமல் பார்த்தோம்! மாமியாராக நடித்த ரூபல் படேல் கோபித்துக்கொள்ளாமல் பாராட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சானல்காரர்களின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். கேலி கொடுத்த விளம்பரத்திலேயே அக்டோபரில் சீரியலின் இரண்டாம் பாகத்தை ஆரம்பித்துவிட்டார்கள்.

இனி எனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். இதில் சம்பந்தப்பட்டது நம் பாஷை. 'பெண்ணின் மனதைத் தொட்டு' (2000) என்ற படத்தில் பிரபு தேவா ஆடும் 'கல்லூரி வானில்' என்ற பாட்டு. 2007-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்காரர் ஒருவர், 'பஃபலாக்ஸ்' என்ற புனைபெயரில், அந்தத் தமிழ் வரிகள் தம் காதுக்கு எந்த ஆங்கில வார்த்தைகள் போல ஒலித்தனவோ அவற்றையே படத்தின் கீழே எழுதி வெளியிட்டார். பாட்டில் வரும் 'நிலாவோ' அவர் காதில் 'லாவா' ஆயிற்று. பாட்டுக்கே 'பென்னி லாவா' என்று நாமகரணம் ஆகிவிட்டது. லட்சக்கணக்கானவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். இப்படிச் செய்வதற்கு அவர் பெயராலேயே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் கூடப் புழங்கியது. இந்த மாதிரிப் பாட்டுகளுக்கு இது வேண்டியதுதான் என்று நம்மில் சிலர் சந்தோஷப்பட்டதும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அங்கே பாட்டின் தரம் விசாரிக்கப்படவே இல்லை. த்யாகராஜ கீர்த்தனையைக் கொடுத்திருந்தாலும் அவர் காதில் லாவாதான் விழுந்திருக்கும். ரிட்லிக்கும் முகாட்டேவுக்கும் தெரிந்திருந்த மூலம் இவருக்குத் தெரியாது.

அவருக்குத் தெரியவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. புனேயில் வளர்ந்த என் தம்பி பெண் அந்த வீடியோவை அதன் ஆங்கில வரிகளோடு தலைகீழ்ப் பாடமாக ஒப்பிப்பாள். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. "நிஜப் பாட்டு என்ன சொல்றது?" என்று ஒரு நாள் அவளாகக் கேட்டாள். கீழே இருந்த ஆங்கிலத்தை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக நிறுத்தி அர்த்தம் சொன்னேன். நிலா காய்வது என்றால் என்ன என்று விளக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. முழுவதும் கேட்டுவிட்டு, "பாட்டு சுமார்தான், பெரியப்பா" என்றாள்.