விழித்திரையும் கண்ணழுத்த நோயும்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆகவே பாறசாலையைச் சூழ்ந்த எல்லைச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் இன்றும் அருகருகே வழங்குகின்றன. இரு மொழிக்கும் பொதுவான சொற்களுள் 'திமிரம்' என்பதும் ஒன்று. முதியவர் ஒருவருக்குப் பார்வை மங்கினால் அதைத் திமிரம் என்பர். அது முற்றிய பின் அறுவை செய்துகொள்ளலாம் என்று காத்திருப்பது பழைய வழக்கம். கண்ணின் வில்லையில் புரை படர்வதே திமிரமாயின், காத்திருந்தவரும் பெரும்பாலும் பார்வையைத் திரும்பப் பெறுவர். ஆனால் மங்கலுக்குக் காரணம் கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோயாயின், காத்திருந்த காலத்தில் இழந்த பார்வை மீளாது. இவ்விரு நோய்களையும் மருத்துவ உலகம் பிரித்தறிந்த வரலாறு நெடியது. அதில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு.

கிளாக்கோமா என்ற பெயர், நீலமும் பசுமையும் கலந்த நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பண்டைய கிரேக்க மருத்துவர் அப்பெயரால் எந்நோயைக் குறித்தனர் என்பது தெளிவன்று. புரையும் இந்நோயும் பல நூற்றாண்டுகள் ஒன்றாகவே கருதப்பட்டன. 1851இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை வெளியிட்ட பின்னரே மருத்துவர்க்கு உள்ளே நோக்கும் வழி பிறந்தது. பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் வட்டம் இந்நோயாளரிடம் குழிந்திருப்பதை அவர்கள் கண்டனர். 1857இல் பெர்லின் மருத்துவர் கிரேஃபே, கருவிழித் திரையில் ஒரு சிறு பகுதியை நீக்கும் அறுவையால் இந்நோயின் ஒரு வகையைத் தணிக்கலாம் என்று அறிவித்தார்.

1819இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கண் மருத்துவமனை ஆசியாவின் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அதன் தலைமையில் இருந்த எலியட் என்னும் ஆங்கில மருத்துவர் 1909இல் ஒரு புதிய முறையைக் கையாண்டார். கண்ணின் வெண்படலமும் ஒளிபுகும் முன்படலமும் கூடும் விளிம்பில், மேல் சவ்வை விலக்கி, வட்டமான நுண்கருவியால் சிறு துளையிட்டார். உள்ளே தேங்கிய நீர் அத்துளை வழியே சவ்வின் அடியில் கசிந்து, கண்ணின் இறுக்கம் தணிந்தது. 1913இல் அவர் இதைப் பற்றி நூல் எழுதினார். பல நாட்டு மருத்துவரும் அம்முறையைப் பின்பற்றினர். 1968இல் கேம்பிரிட்ஜில் கெய்ர்ன்ஸ் வகுத்த திருந்திய அறுவை பின்னாளில் அதன் இடத்தைப் பெற்றதாயினும், நீருக்கு வழிவிடுதல் என்ற அடிப்படை மாறவில்லை.

நீர் அழுத்தம் குறைந்தால் நோய் தணிகிறது. எனினும் இழந்த பார்வை ஏன் மீள்வதில்லை? இவ்வினாவுக்கு விடை விழித்திரையின் உயிரணுக்களில் இருந்தது. ஸ்பானிய அறிஞர் கஹால், அத்திரையின் உயிரணுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதை 1893இல் விரிவாக வரைந்து காட்டினார். ஒளியை முதலில் ஏற்பவை கோல், கூம்பு என்னும் உயிரணுக்கள். அவை பெற்ற செய்தியை இருமுனை உயிரணுக்கள் வாங்கி அடுத்த அடுக்குக்கு அளிக்கின்றன. இறுதி அடுக்கில் உள்ளவை கேங்கிலியன் உயிரணுக்கள். இவை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நீண்ட இழை புறப்பட்டு மூளையை நோக்கிச் செல்கிறது. இத்தகைய பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளின் தொகுதியே பார்வை நரம்பு.

கண்ணழுத்த நோய் முதன்மையாகத் தாக்குவது இந்தக் கேங்கிலியன் உயிரணுக்களையே. அவற்றின் இழைகள் கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் சல்லடை போன்ற ஒரு தகட்டின் துளைகளில் நுழைந்து செல்கின்றன. அழுத்தத்தால் அத்தகடு வளையும்போது இழைகள் நெரிபடுகின்றன. அவற்றின் வழியே இருபுறமும் நடைபெறும் ஊட்டப் போக்குவரத்து தடைப்படுகிறது. 1970களில் குரங்குகளின் கண்களில் நடந்த ஆய்வுகள் இதை உணர்த்தின. தடை நீடித்தால் உயிரணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் வழியில் மாய்கிறது. சுற்றியிருந்து ஊட்டமளிக்கும் முல்லர் உயிரணுக்களும் தம் இயல்பு மாறுகின்றன. ஆனால் கோல்களும் கூம்புகளும் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. ஒளியை ஏற்பவை உள்ளன. செய்தியைக் கொண்டு செல்பவை இல்லை. மனிதரில் அந்த இழைகள் மீண்டும் வளர்வதில்லை; இன்றைய மருத்துவம் எஞ்சியவற்றைக் காப்பதையே நோக்கமாகக் கொண்டுள்ளது.

பெருவாரியான இழைகள் அழியும்வரை நோயாளர் எதையும் உணராதிருப்பதே இந்நோயின் கொடுமை. நேர்ப்பார்வை நெடுநாள் நிற்க, சுற்றுப்பார்வை சுருங்குகிறது. ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் மறைக்கிறது. திடீர் வலியுடன் கண் சிவக்கும் வகை ஒன்று உண்டெனினும், வலியின்றி வரும் வகையே பலரை ஏமாற்றுகிறது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகச் சிற்றூர்களில் நாற்பது வயதைக் கடந்தோரிடையே சென்னைக் கண்ணழுத்த ஆய்வு நடைபெற்றது. வலியற்ற வகையினராகக் கண்டறியப்பட்ட 64 பேருள், தமக்கு அந்நோய் இருப்பதை முன்பே அறிந்தவர் ஒருவரே. மேலும், கண்ணின் அழுத்தம் வழக்கமான அளவில் உள்ளோர்க்கும் இந்நோய் வருவதுண்டு. ஆதலால் அழுத்தத்தை அளப்பதோடு நில்லாமல் நரம்பின் வட்டத்தையும் நோக்குதல் வேண்டும்.

பிழைப்பின் பொருட்டு அயல் மாநிலங்களில் வாழும் நம்மில் பலருடைய பெற்றோரும் உடன்பிறந்தாரும் ஊரில் உள்ளனர். பாறசாலைப் பக்கத்தார்க்கு வடக்கே திருவனந்தபுரத்திலும் கிழக்கே நாகர்கோவிலிலும் கண் மருத்துவர் உளர். மொழி எல்லை இதற்குத் தடையன்று. குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பின் அவருடைய உடன்பிறந்தாரும் மக்களும் சோதித்துக்கொள்வது இன்றியமையாதது. ஏனையோரும் நாற்பது வயதுக்குப்பின் ஒருமுறையேனும் சோதித்துக்கொள்வது நலம். மருத்துவர் அளிக்கும் சொட்டு மருந்தை, பார்வை நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தலாகாது. நன்றாக இருக்கும் அப்பார்வையைக் காப்பதற்கே அது அளிக்கப்படுகிறது. அடுத்த முறை ஊராரோடு பேசும்போது, 'திமிரந்தான்' என்று யாரேனும் சொன்னால், அதைச் சொன்னவர் மருத்துவர்தானா என்று கேட்டறிவோமாக.