நாய் தின்னி, பூனை தின்னி, எலி தின்னி

'நாய் தின்னி' என்பது ஏதோ தீனியைப் பற்றிய பேச்சு மாதிரித் தெரியும். அது சாதியைப் பற்றிய பேச்சு. வடமொழியில் 'சுவபசன்' என்றொரு சொல் உண்டு. நாயைச் சமைப்பவன் என்று பொருள். மனுதர்மத்தின் 10ஆம் அத்தியாயம் சண்டாளரையும் சுவபசரையும் ஊருக்கு வெளியே நிறுத்துகிறது. நாயும் கழுதையுமே அவர்கள் சொத்து என்கிறது. யாரும் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தாயிற்று, வெளியே தள்ளியாயிற்று.

அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பசியில் வாடிய விசுவாமித்திரர் சண்டாளன் கையிலிருந்தே நாயின் தொடைக்கறியை வாங்கித் தின்னத் துணிந்தாராம். உயிர் போகிற நேரத்தில் அது பாவமாகாதாம். மகாபாரதத்தின் சாந்தி பர்வம் இதை விரிக்கிறது. 12 வருஷப் பஞ்சம். ராத்திரியில் சண்டாளன் குடிசைக்குள் கறி திருட நுழைகிறார் ரிஷி. இது உமக்கு ஆகாது என்று தர்மம் எடுத்துச் சொல்பவன் அந்தச் சண்டாளன்தான். கடைசியில் திருட வந்தவர் ரிஷியாகவே இருந்தார், தர்மம் சொன்னவன் தீண்டத்தகாதவனாகவே இருந்தான். பஞ்சம் ரெண்டு பேருக்கும்தானே?

எம்.ஏ. தமிழில் எனக்குப் பெரும்பாணாற்றுப்படை நடத்தினார்கள். எயினர் குடியிருப்பில், நாய் பிடித்துவந்த உடும்பின் கறி பாணனுக்கு விருந்தாகிறது. பாட்டில் வந்தால் அது பண்பாடு. விடுதியில் என் தட்டைப் பார்த்து 'பூனையா, எலியா?' என்று சிரித்தவர்கள் அந்தப் பாட்டைப் பரீட்சைக்கு உருப்போட்டவர்கள்தான்.

பழவேற்காடு ஏரிப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது ஆரம்பாக்கம். இந்த வட்டாரத்து இருளர் சனங்க வயலில் எலி வளை வெட்டுகிறவர்கள். மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதி வளைக்குள் புகை விடுவது பழைய முறை. உதடு வெந்துபோகும். எலி கறிக்கு, வளைக்குள் அது பதுக்கிய நெல் கஞ்சிக்கு. வாயால் ஊதத் தேவையில்லாத இரும்புப் பொறி ஒன்றை இருளர்களுக்குக் கொடுக்கும் திட்டத்துக்கு 2003இல் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. அது பயிரைக் காக்கிற வேலை என்று எங்கோ இருக்கிறவனுக்குப் புரிந்தது. ஊர்த்தெருவுக்கு இவர்கள் இன்னும் 'எலி தின்னி'தான். இதே சனங்க ஏரிச் சேற்றைக் கையால் துழாவி இறாலும் பிடிக்கிறார்கள். இறாலுக்குத் தீட்டு இல்லை. வியாபாரி எடை போட்டு வாங்கிக்கொள்கிறான். கை ஒன்றுதான், சேறும் ஒன்றுதான்.

நகரத்தில் இந்த வசைக்கு வேறு வேஷம். 2002இல் வந்த 'ரன்' படத்தில் மலிவான பிரியாணி என்றால் காக்கா பிரியாணி என்று சிரிக்கவைத்தார்கள். 2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து ரயிலில் வந்த 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சி சென்னை எழும்பூரில் பிடிபட்டது. வால் நீளமாக இருக்கிறது, நாய்க்கறிதான் என்று செய்தி பறந்தது. சில நாளில் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பரிசோதனை அது ஆட்டுக்கறி என்று சொன்னது. அதற்குள் தள்ளுவண்டிக் கடைக்காரன் மேல் பழி விழுந்துவிட்டது. நட்சத்திர ஓட்டல் சட்டியை யார் சந்தேகப்பட்டார்கள்?

நாகாலாந்து அரசு 2020 ஜூலையில் நாய்க்கறி விற்பனைக்குத் தடை போட்டது. 2023 ஜூனில் குவாஹாட்டி உயர்நீதிமன்றத்தின் கொஹிமா கிளை அதை ரத்து செய்தது. தென்கொரியாவிலோ அவர்கள் நாடாளுமன்றமே 2024 ஜனவரியில் தடைச்சட்டம் நிறைவேற்றியது. 2027இல் அமலுக்கு வருவதாக ஏற்பாடு. ஒரு சனம் தன் பழக்கத்தைத் தானே விவாதித்து விடுவது வேறு. மேலே நிற்கிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டு தீர்ப்புச் சொல்வது வேறு.

நாய்க்கறிக்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை. பிராணிவதையைப் பற்றிப் பேசலாம், வெறிநோயைப் பற்றிப் பேசலாம், பேசத்தான் வேண்டும். அந்தப் பேச்சுக்குள் சாதியை ஒளித்துவைக்கிற வேலை வேண்டாம் என்கிறேன். நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மில் பலர் தன்வரலாறு எழுதும்போது பாட்டி ஆக்கிப்போட்ட கறியின் பெயரை விழுங்கிவிடுகிறோம். எதை, எந்தப் பஞ்சத்தில், எப்படி ஆக்கினார்கள், எது வாய்க்கு ருசியாக இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். நாம் விடுகிற இடத்தில்தான் 'சுவபசன்' என்று அவன் எழுதிவைக்கிறான்.