திருநங்கை

'திரு', 'நங்கை' என்னும் இரண்டு பழஞ்சொற்களின் கூட்டு இது. நங்கை என்றால் பெண்ணில் சிறந்தவள். ஆண்பாலில் அதன் இணை நம்பி. திருநம்பி என்ற சொல் அமைந்ததும் இதே வழியில்தான். முன்பு பரவலாக வழங்கிய 'அரவாணி', கூவாகம் திருவிழாவோடு பிணைந்த சொல். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் திருநங்கைகள் கூத்தாண்டவராகிய அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து, வெள்ளைப் புடவை உடுத்தி ஒப்பாரி வைக்கும் சடங்கு அங்கே நடக்கிறது. சாமி பெயரோடு ஒட்டிய சொல்லை ஏன் கைவிட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கை மதிக்கத்தக்கது. ஆனால் மசூதிக்கும் தேவாலயத்துக்கும் போகிறவரையும் அந்தப் பெயர் அரவானின் மனைவியாக்கிவிடுகிறது. 'திரு' மட்டும் சமயச் சொல் இல்லையா என்றால், திருக்கோயில், திருப்பலி, திருக்குர்ஆன் மூன்றிலும் அது இருக்கிறது. எந்தச் சமயத்துக்கும் அது தனிச்சொத்தல்ல.

பெயரை மாற்றினால் கேலி நின்றுவிடுமா என்பது நியாயமான கேள்வி. நிற்கவில்லை; 'ஒன்பது' என்ற எண்ணையே வசவாகப் பரப்பியது நம் சினிமா நகைச்சுவை. ஆனால் சிலப்பதிகாரம் சொல்லும் 11 ஆடல்களில் ஒன்றான பேடியாடலை, ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்தில் ஆடியவன் காமன். தெய்வமே ஏற்ற கோலம் அது. சினிமாவிலேயே, 2019இல் வந்த 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில், திருநங்கையாகப் புடவையில் வீடு திரும்பும் ஷில்பாவை அவர் மகன் கூச்சமின்றி ஏற்றுக்கொள்கிறான். அவன் கேள்விகளுக்குச் சிரிக்கிறோம், ஷில்பாவைப் பார்த்துச் சிரிப்பதில்லை. நகைச்சுவை எழுதுகிறவர்களே, ஒன்பதை எண்ணாகவே விட்டுவிடுங்கள்.