இறந்தவரின் மருந்துப் பெட்டி

களுவாஞ்சிக்குடியில் 31ஆம் நாள் கிரியை முடிந்த வீட்டிலும் இறந்தவரின் குளிசைகள் மிஞ்சிக் கிடக்கும். எறிய மனம் வராது; இல்லாதவருக்குக் கொடுத்தால் புண்ணியமல்லவா?

நோயாளியின் கைக்குப் போய்த் திரும்பிய மருந்தை நன்கொடையாக்கலாகாது என 1996இல் உலக சுகாதார நிறுவனம் நெறி வகுத்தது. வெயிலில் கிடந்ததோ, ஈரம் பட்டதோ, யார் கண்டது? இக்கரையையும் தாக்கிய 2004 கடல்கோளின்பின் இந்தோனேசியாவின் அச்சேயில் ஏறத்தாழ 4,000 தொன் மருந்து குவிந்தது. பெரும்பகுதியின் உறைகளில் உள்ளூரார் அறியாத மொழி. வீடுகளில் மிஞ்சியவற்றைத் திரட்டி வறிய நாடுகளுக்கு அனுப்பிவந்த பிரான்சு, 2008 இறுதியில்தான் அதை நிறுத்தியது.

2022இல் டொலர் வற்றி நம் வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டபோது இந்நெறி கொடிதாகத் தோன்றியது மெய்தான். ஆயினும் ஏழைக்கு ஐயத்துக்குரிய மருந்தே போதும் என்பதை நான் ஏற்பதற்கில்லை. சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் வேறு. கழுவித் துடைத்துத் தாராளமாகக் கொடுக்கலாம்.