நியூயார்க் நிலத்தடி இரயிலும் வீடற்ற மக்களும்

தமிழில் ‘இல்’ என்னும் சொல் வீட்டையும் குறிக்கும், இன்மையையும் குறிக்கும். வீட்டை இழந்தவன் பிற யாவும் இழந்தவன் ஆகின்றான் என்பதை இவ்விரு பொருளும் சேர்ந்து நினைவூட்டுகின்றன. வழிப்போக்கரும் வறியோரும் தலை சாய்ப்பதற்கென்றே தமிழர் திண்ணை வைத்து வீடு கட்டினர். சாவடியும் சத்திரமும் எழுப்பினர். எந்தச் சமுதாயத்திற்கும் இத்தகைய ஓர் இடம் தேவை. அதனை அறம் அமைத்துத் தராவிடின், வறியோர் தாமே ஒன்றைத் தேடிக்கொள்வர். அமெரிக்காவின் மிகப் பெரிய நகரமாகிய நியூயார்க்கில் அவர்கள் தேடிக்கொண்ட இடம் நிலத்தடி இரயிலாகும்.

அவ்விரயில் 1904-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் 28 நிலையங்களுடன் ஓடத் தொடங்கியது. பின்னர் வளர்ந்து 472 நிலையங்களை உடையதாயிற்று. இரவும் பகலும் ஓடுவது அதன் தனிச்சிறப்பு. ஒருமுறை கட்டணம் செலுத்தி உள்ளே சென்றவர் எத்துணைத் தொலைவும் செல்லலாம். ‘ஏ’ தடம் முனைக்கு முனை 30 மைலுக்கு மேற்பட்டது. ஆதலின், ஒரு பயணத்தில் ஒன்றரை மணி நேரத் துயில் கிடைக்கும். ‘ஈ’ தடமோ முழுவதும் மண்ணுக்குள்ளேயே ஓடுகிறது; பனிக்காற்று அதனுள் புகுவதில்லை. குளிர்காலத்தில் வீடற்றோர் அதனை நாடுவதற்குக் காரணம் இதுவே.

இம்மக்களைச் சோம்பேறிகள் என்றும் குடிகாரர் என்றும் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், அந்நகரின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர் வேறோர் உண்மையைக் காண்பர். நிலத்தின் மேலே மலிவான படுக்கைகளின் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. அடைபட அடைபட, நிலத்தின் கீழே கூட்டம் பெருகியது.

காவல் நிலையத்தின் தரை

இரயில் தோன்றுமுன்பே இச்சிக்கல் தோன்றிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் நியூயார்க்கின் காவல் நிலையங்களே ஏழைகளின் சத்திரங்களாக இருந்தன. பலகையிலோ வெறுந்தரையிலோ படுத்துறங்க அங்கு இடம் கிடைத்தது. 1870-இல் டென்மார்க்கிலிருந்து குடியேறிய ஜேக்கப் ரீஸ் என்னும் இளைஞர், கையில் காசின்றி அத்தகைய ஓர் அறையில் ஓரிரவு தங்கினார். அவருடைய தங்கப் பதக்கம் களவு போயிற்று. முறையிட்டவரைக் காவலர் வெளியே தள்ளினர். அவரைத் தொடர்ந்து வந்த நாயையும் படிக்கட்டில் அடித்துக் கொன்றனர்.

பிற்காலத்தில் பத்திரிகையாளராகிய ரீஸ், அவ்வறைகளின் இழிநிலையை எழுத்தாலும் புகைப்படத்தாலும் ஊரறியச் செய்தார். அப்போது நகரக் காவல் குழுவின் தலைவராக இருந்தவர், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட். அவர் 1896-இல் அவ்வறைகளை மூடினார். ஒரு பழந்தீமை ஒழிந்தது. நகராட்சி தானே தங்குமனை ஒன்றைத் திறந்தது; 1909-இல் கிழக்கு 25-ஆம் தெருவில் அதற்குப் புதுக் கட்டடமும் எழுந்தது. எனினும், இடம் வேண்டியோர் தொகைக்கு அவை என்றும் ஈடாகவில்லை.

ஐந்து காசுப் படுக்கை

எஞ்சியோருக்குப் புகலிடம் அளித்தது பவரி என்னும் தெரு. அங்கே மலிவு விடுதிகள் நிறைந்திருந்தன. ஒருவர் படுக்குமளவே உள்ள சிறு தடுப்பறைகள். மேலே கூரைக்குப் பதில் கம்பி வலை. அதற்கும் காசில்லாதோர் இரயிலில் ஏறினர். 1929-இல் பங்குச் சந்தை சரிந்து வேலையின்மை நாடெங்கும் பரவியபோது, நகரின் நடுவே உள்ள சென்ட்ரல் பூங்காவிலேயே குடிசைகள் முளைத்தன. இரயில் கட்டணமோ 1904 முதல் 1948 வரை ஐந்து காசாகவே இருந்தது. ஐந்து காசுக்கு வெப்பமும் வெளிச்சமும் இருக்கையும் இரவு முழுவதும் கிடைத்தன.

அடைபட்ட கதவுகள்

போருக்குப்பின் நாடு செழித்தது. அச்செழிப்பின் நடுவேதான் இரு பெரிய கதவுகள் அடைபட்டன.

முதலாவது, ஒற்றையறை விடுதி. குறைந்த வாடகைக்கு ஓர் அறை. குளியலறை பலருக்கும் பொது. முதியோரும் கூலித் தொழிலாளரும் தனியரும் இவற்றில் வாழ்ந்தனர். இவை மனிதர் வாழத் தகுந்தவை அல்ல எனக் கருதிய நகராட்சி, 1955-இல் இத்தகைய விடுதிகளைப் புதிதாகக் கட்டுவதைத் தடை செய்தது. 1970-களில், பழைய விடுதிகளை உயர்ந்த வாடகை வீடுகளாக மாற்றிய உரிமையாளருக்கு வரிச்சலுகையும் கிடைத்தது. விளைவாக நூறாயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் மறைந்தன.

இரண்டாவது, மனநல மருத்துவமனை. நியூயார்க் மாநில மருத்துவமனைகளில் 1955-இல் ஏறத்தாழ 93,000 நோயாளர் இருந்தனர். புதிய மருந்துகள் வந்தன. அடைத்து வைத்தல் கொடுமை என்னும் எண்ணமும் வலுத்தது. 1963-இல் குடியரசுத் தலைவர் கென்னடி, நோயாளர்க்கு அவரவர் ஊரிலேயே சிகிச்சை நிலையம் அமைக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். மருத்துவமனைகள் வெறுமையாயின, உறுதியளித்த ஊர் நிலையங்களோ போதிய அளவில் எழவில்லை. வெளியே வந்தவருள் பலர் தங்கியவை ஒற்றையறை விடுதிகளே. அவையும் மறைந்தபின் அவர்கள் எங்கே செல்வர்?

வழக்குமன்றம் தந்த உரிமை

இந்நிலையில் ராபர்ட் ஹேய்ஸ் என்னும் இளம் வழக்கறிஞர், பவரியில் வாழ்ந்த வீடற்ற ஆடவர் சார்பில் 1979-இல் வழக்குத் தொடுத்தார். வழியற்றோரைப் பேணுதல் பொதுக்கடமை என 1938-இல் மாநில அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட விதியே அவருக்குத் துணையாயிற்று. 1981 ஆகஸ்டில் நகராட்சி உடன்படிக்கைக்கு இணங்கியது. கேட்டு வரும் வீடற்ற ஆடவர்க்குப் படுக்கை தருதல் நகரின் கடமையாயிற்று. பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் அவ்வுரிமை பின்னைய வழக்குகளால் விரிந்தது. அமெரிக்கப் பெருநகரங்களில் இத்துணை அகன்ற உரிமை வேறெங்கும் அரிது. வழக்கின் முதல் வாதியாகிய ராபர்ட் காலஹன் அதன் பயனைக் காணவில்லை. உடன்படிக்கை கையெழுத்தாகுமுன்பே அவர் பவரியில் உயிர் நீத்தார்.

படுக்கை கிடைத்த பின்னும் இரயிலில் உறங்குவோர் ஏன்? படைப்பயிற்சிக் கூடங்களில் நூற்றுக்கணக்கான கட்டில்கள் வரிசையாகப் போடப்பட்டன. களவும் அடிதடியும் மலிந்த அக்கூடங்களைவிட, விளக்கெரியும் இரயிலே பாதுகாப்பானது எனப் பலர் கருதினர். வேறு சிலர் இன்னும் ஆழத்தில் புகுந்தனர். ரிவர்சைடு பூங்காவின் அடியில், சரக்கு இரயில் நின்றுபோன சுரங்கத்தில் குடில்கள் எழுந்தன. 1991-இல் அப்பாதையில் பயணிகள் இரயில் ஓடத் தொடங்கியது. குடில்களில் வாழ்ந்தோர் வெளியேறும் நிலை வந்தது. அவருட் பலர்க்கு வாடகை உதவிச் சீட்டும் வீடும் கிடைத்தன. இவர்களைப் பற்றி மார்க் சிங்கர் எடுத்து 2000-இல் வெளிவந்த ‘டார்க் டேஸ்’ என்னும் ஆவணப் படத்தில், படப்பிடிப்புக் குழுவாகப் பணியாற்றியவர் சுரங்கவாசிகளே.

விரட்டலும் நிறுத்தமும்

பயணிகளின் அச்சமும் பொய்யன்று. நாள்தோறும் இரயிலில் செல்லும் தொழிலாளர்க்குத் தூய்மையும் அமைதியும் வேண்டும். இதனால் கட்டுப்பாடுகள் வளர்ந்தன. இரயிலில் பிச்சை கேட்பது பேச்சுரிமையே என 1990 சனவரியில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். அதே ஆண்டு மே மாதம் மேல்முறையீட்டு மன்றம் அதனை மாற்றியது. படுக்க இயலாதவாறு பெஞ்சுகளின் நடுவே தடுப்புகள் அமைந்தன. 2020 மே 6 முதல், கொள்ளை நோய்க் காலத் தூய்மைப் பணிக்கென இரயில் இரவில் நிறுத்தப்பட்டது. நள்ளிரவுக்குப்பின் உறங்கிக் கொண்டிருந்தோர் எழுப்பி இறக்கப்பட்டனர். 2021 மே 17-இல் முழு நேர ஓட்டம் மீண்டது, உறங்குவோரும் மீண்டனர். ஆண்டுக்கொருமுறை ஓரிரவில் நகராட்சி எடுக்கும் கணக்கில், தெருவிலும் இரயிலிலும் இருந்தோர் 2005-இல் 4,395 பேர். 2024-இல் 4,140 பேர். இடையில் கூடியும் குறைந்தும் வந்த எண்ணிக்கை, ஏறத்தாழத் தொடங்கிய இடத்திலேயே நின்றது.

இரயிலும் உண்மையான புகலிடம் அன்று. 2024 டிசம்பரில், கோனித் தீவு முனையத்தில் நின்ற வண்டியில் உறங்கிய வீடற்ற பெண் ஒருவர் தீ வைத்துக் கொல்லப்பட்டார். வெப்பம் தேடி வந்தவர்க்கு நேர்ந்த முடிவு அது.

முதலில் வீடு

இதற்கு விடையும் அந்நகரிலேயே பிறந்தது என்பது எண்ணத்தக்கது. மனநோயாளர் முதலில் குடியை விடவேண்டும், மருந்து உண்ணவேண்டும், பிறகே வீடு பெறலாம் என்பது பழைய முறை. சாம் செம்பெரிஸ் என்னும் உளவியலறிஞர் 1992-இல் அதனைத் தலைகீழாக்கினார். முதலில் வீட்டுச் சாவியைக் கொடுத்து, பிறகு சிகிச்சைக்கு அழைத்தார். தெருவில் பல்லாண்டு கிடந்தவருள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் அவ்வீடுகளில் நிலைத்தனர். பின்லாந்து நாடு 2008 முதல் இம்முறையை நாடளாவிய கொள்கையாக்கி, வீடற்றோர் தொகையைப் பெரிதும் குறைத்தது.

இவ்வரலாற்றில் கொடியவர் என ஒருவரைச் சுட்டுதல் அரிது. காவல் நிலைய அறையை மூடியவர் இழிவை ஒழிக்க மூடினார். ஒற்றையறை விடுதியைத் தடுத்தோர் நல்ல வீடு வேண்டித் தடுத்தனர். மருத்துவமனையைத் திறந்துவிட்டோர் மாந்தர் விடுதலை வேண்டியே திறந்தனர். பழைய கதவை அடைக்குமுன் புதிய கதவு திறந்திருக்கின்றதா எனப் பாராமையே ஒவ்வொரு முறையும் நேர்ந்த பிழை. பழைய குடியிருப்புகளை இடித்துப் புதுநகர் காணும் நாடுகள் யாவும், இடிக்குமுன் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவேயாகும்.