உபரிக் குழி (கோல்ஃப்)

வழக்கமான 18 குழிகளுக்கு மேல் மைதானத்தில் கூடுதலாக வைத்திருக்கும் குழி. ஒரு கிரீனில் புல் மாற்றும் வேலை நடக்கும்போது இதில் ஆடிக் கணக்கைச் சரிக்கட்டுவார்கள். பெரும்பாலும் குட்டையான பார்-3.  காட்டெருமைகள் நடமாடும் கொடைக்கானல் கோல்ஃப் கிளப் போன்ற மலை மைதானத்தில், குளம்பு பதிந்த கிரீனை ஆறவிட உபரிக் குழி எவ்வளவு உதவும் என்று சொல்ல வேண்டியதில்லை.

18 என்பதும் ஆதிக்கணக்கு அல்ல. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் போக, வர 22 குழிகள் ஆடினார்கள்; 1764இல் முதல் நான்கை இரண்டாக்கியதும், அவையே போகும்போதும் வரும்போதும் ஆடப்பட்டதால், 18 ஆயிற்று. அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்துக்கு அதன் வடிவமைப்பாளர் மெக்கென்சி உபரிக் குழியாகத் திட்டமிட்ட 19ஆவது குழி காகிதத்தோடு நின்றது.