மண்ணுடையாரும் வீடுடையாரும்

நிலம் ஒருவருடையது; அதன்மேல் எழும்பிய வீடு மற்றொருவருடையது. இவ்விருவரையும் பிணைப்பது குத்தகைச் சீட்டு. சீட்டில் குறித்த காலம் முடிந்ததும் வீட்டின் கதி என்ன? வீட்டைப் பெயர்த்துத் தலையில் சுமந்து செல்ல இயலாது. நிலத்தைக் கைவிட உடையவருக்கும் மனம் வாராது. குத்தகையை நீட்டித்துத் தருமாறு கேட்பது உரிமையா, வெறும் சலுகையா என்னும் வினா, நீதிமன்றங்களையும் மார்க்க அறிஞர்களையும் பல நூற்றாண்டுகளாகச் சிந்திக்க வைத்துள்ளது.

வடசென்னையின் புளியந்தோப்பை நினைக்கும்போது இவ்வினாவின் கனம் நமக்குப் புலனாகிறது. பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதனருகே எழுந்தன. ஆலைகளையும் துறைமுகத்தையும் நம்பி வந்த எளியோர் கிடைத்த இடத்தில் குடிசை கட்டினர். 1921இல் அவ்வாலைகளில் நெடிய வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. வேலைநிறுத்தம் செய்தோருக்கும் அதில் சேராத ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் பகை மூண்டது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் புளியந்தோப்புக் குடிசைகள் தீக்கிரையாயின. நெருப்பு மண்ணை அழிப்பதில்லை. ஏழையின் கூரையையே அழிக்கிறது. வீடுடையானின் நிலை எத்துணை மெலிந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ!

அதே 1921இல், வேறொரு காரணம் பற்றிச் சென்னைச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதுவே சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். 1922ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டமாக அது நடப்புக்கு வந்தது. நகரில் பலர் பிறர் நிலத்துக்கு வாடகை செலுத்தி, தம் பொருளால் அதன்மேல் வீடு கட்டியிருந்தனர். நியாயமான வாடகையைச் செலுத்தும் வரை எவரும் தம்மை வெளியேற்றார் என்னும் நம்பிக்கையே அவர்களது பத்திரம். முதல் உலகப்போரை ஒட்டி நிலவிலை ஏறியது. நிலவுடையார் சிலரின் மனமும் மாறியது. அந்நம்பிக்கையைக் காக்கவே இச்சட்டம் பிறந்தது என அதன் முகவுரையே சாற்றுகிறது.

இச்சட்டம் இரு வாயில்களைத் திறந்தது. குடியிருப்பவரை வெளியேற்ற விரும்பும் நிலவுடையார், அவர் எழுப்பிய கட்டடத்துக்கும் நட்ட மரத்துக்கும் ஈடு தரவேண்டும். அன்றியும், வெளியேற்ற வழக்குக்கு ஆளான குடியிருப்பவர், நிலத்தையே தமக்கு விற்கும்படி ஆணையிட நீதிமன்றத்தை வேண்டலாம். விலையை நீதிமன்றமே வரையறுக்கும். குத்தகை நீட்டிப்பைக் காட்டிலும் இது பெரிய உரிமை என்பதில் ஐயமில்லை.

எனினும், நிலம் தனியாருடையதாயின் இது பொருந்தும். அறத்துக்கென விடப்பட்டதாயின் என் செய்வது? வக்ஃபு நிலத்தை விற்றல் ஆகாது. நெடுங்காலம் ஒருவர் கையில் விட்டால், காண்போர் அவரையே உடையவர் எனக் கருதிவிடுவர். ஆகவே ஹனஃபி ஃபிக்ஹு அறிஞர் பலர் வீட்டுக்கு ஓராண்டு, நிலத்துக்கு மூன்றாண்டு எனக் குத்தகைக்கு எல்லை வகுத்தனர். ஆனால் பாழ்பட்ட நிலத்தில் மூன்றாண்டை நம்பிக் கட்டடம் எழுப்புவார் யார்? அதற்கென வந்ததே ‘ஹிக்ர்’ என்னும் நெடுங்குத்தகை. கட்டடம் கட்டியவருக்கு, அடிமனை வக்ஃபுக்கு. அவ்விடத்துக்கு ஒத்த வாடகையைச் செலுத்தும் வரை அவரை அகற்றலாகாது. வாடகை காலத்துக்கேற்ப மாறும். இஸ்தான்புல் நகரின் பெருந்தீக்களில் வக்ஃபுக் கட்டடங்கள் எரிந்தபோது, உதுமானியர் ‘இஜாரத்தைன்’ என்னும் இருவாடகை முறையைக் கையாண்டனர். முதலில் பெருந்தொகை பெற்றுக் கட்டடத்தைப் புதுப்பித்தனர். பின்னர் ஆண்டுதோறும் சிறுவாடகை பெற்றனர். குடியிருப்பவரின் உரிமை மக்களுக்கும் சென்றது.

நம் நாட்டுச் சட்டமும் இத்தடத்திலேயே தடுமாறி நடந்திருக்கிறது. 1996இல் தமிழக அரசு, எம்மதத்தைச் சார்ந்த சமய நிறுவனமாயினும் அதன் நிலத்துக்குக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் செல்லாது எனத் திருத்தியது. 2005இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. 1995ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டம் மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் செல்லாததாக்கியது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வெல்லையை முப்பதாண்டாக உயர்த்தியது. மூன்றாண்டு என்னும் எண் பழைய ஃபிக்ஹு நூல்களோடு ஒத்திருப்பது நம் கருத்தைக் கவர்கிறது.

சென்னையின் அடுக்குமாடி வீட்டை வாங்குவோர் பெரும்பாலும் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கையும் சேர்த்தே பெறுகின்றனர். ஆதலின் இங்கு இவ்வழக்கு அடிமனைகளிலேயே மிகுதி. இங்கிலாந்திலோ அடுக்குமாடி வீடுகளே குத்தகையில் உள்ளன. 1993ஆம் ஆண்டுச் சட்டம் தொண்ணூறாண்டு நீட்டிப்பை அங்கே உரிமையாக்கியது. சலுகையாயிருந்தது உரிமையாவதற்குச் சட்டம் வேண்டியிருந்தது.

இவற்றால் நாம் அறிவது யாது? நீட்டிப்பை அடியோடு மறுத்தால் வீடுடையான் தெருவில் நிற்பான். பழைய வாடகையிலேயே நீட்டித்துக்கொண்டு போனால் அனாதையும் விதவையும் உண்ணவேண்டிய சோற்றைக் குடியிருப்பவர் உண்டவராவார். முன்னது கொடுமை, பின்னது மோசடி. நடுவே இருப்பது ஒன்றே: எழுதிப் பதிந்த சீட்டு, காலந்தோறும் மதிப்பிட்ட நேர்வாடகை, அதைச் செலுத்துவோனுக்கு வெளியேற்றத்தினின்று காப்பு. முத்தவல்லிகளும் குடியிருப்போரும் தவணை முடியுமுன்னரே அமர்ந்து பேசுவார்களாயின், நீதிமன்றப் படியேறும் வேலை பாதி குறையும்.